அனுப்பலாமா, கொண்டு வரலாமா? ஏற்றுமதி இறக்குமதி அனுமதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில், அதாவது சரக்குக்கான சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் இடத்தில், பல வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே தொலைபேசியில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கன்டெய்னர் கணக்கில் சரக்கு அனுப்புகிறவர்களும் கேட்டார்கள், மகளுக்குப் பொடி டப்பா கட்டிக் கொடுக்கிறவர்களும் கேட்டார்கள். இந்திய விதிகள் அடிக்கடி மாறும். சரக்கைக் கட்டுவதற்கு முன்னால் அன்றைய அறிவிக்கையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஐ.இ.சி. வாங்கிவிட்டேன். இனி எதை வேண்டுமானாலும் அனுப்பலாம்தானே?

இல்லை. ஐ.இ.சி. என்பது ஏற்றுமதி இறக்குமதி செய்பவர் என்ற முறையில் உங்களுக்கான அடையாள எண். சரக்குக்கான அனுமதி அது இல்லை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். இப்போது உங்கள் பான் எண்ணேதான் ஐ.இ.சி. எண்ணும்.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் அந்த இணையதளத்தில் நுழைந்து விவரங்களை உறுதி செய்ய வேண்டும். ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றாலும் "மாற்றம் இல்லை" என்று உறுதி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும். லாரி துறைமுக வாசலுக்கு வந்த பிறகு அது தெரியவரும்.

வீட்டு உபயோகத்துக்குக் கொண்டு வருவதற்கும், வியாபாரம் இல்லாமல் உறவினருக்கு அனுப்புவதற்கும் ஐ.இ.சி. தேவையில்லை. ஆனால் கீழே வரும் மற்ற விதிகளிலிருந்து அதனால் தப்பிக்க முடியாது.

என் சரக்குக்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெச்.எஸ். கோடிலிருந்து தொடங்க வேண்டும். உலகத்தில் விற்கிற எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியாவில் அதை எட்டு இலக்கமாக நீட்டி வைத்திருக்கிறோம். அந்த எட்டு இலக்கத்துக்கு எதிரே, தடையில்லை, கட்டுப்பாடு உண்டு, தடை, அரசு நிறுவனம் வழியாக மட்டும் என்று நான்கில் ஒன்று எழுதியிருக்கும். 'கட்டுப்பாடு உண்டு' என்றால் டி.ஜி.எஃப்.டி. உரிமம் வாங்கிய பிறகே சரக்கு நகர வேண்டும். 'தடையில்லை' என்று இருந்தாலும் பக்கத்துக் கட்டத்தில் நிபந்தனை ஏதாவது எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

கோடு தேர்ந்தெடுப்பது லேசான வேலை இல்லை. முருங்கை இலைப் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த காய்கறி என்றால் கோடு பட்டியலில் 7ஆம் அத்தியாயம். மூலிகை என்றால் 12. குப்பியில் அடைத்துச் சத்து மாத்திரையாக விற்றால் 21க்குப் போகும். இலை ஒன்றுதான், சொல்லும் பெயருக்கு ஏற்ப வரியும் மாறும், கேட்கும் சான்றிதழும் மாறும். 'போன தடவை பக்கத்து கம்பெனி இந்தக் கோடில்தான் அனுப்பியது' என்பதை எந்த அதிகாரியும் ஒரு காரணமாக ஏற்க மாட்டார். பெரிய அளவில் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால், சுங்கத் துறையின் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நேற்று வரை அனுப்பிய சரக்கை இன்று திடீரென்று தடை செய்துவிட்டால்?

செய்வார்கள். செய்திருக்கிறார்கள். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் நம்மவர்கள் கடைக்கடையாக ஏறி இறங்கி மூட்டை மூட்டையாக வாங்கியது அந்த வாரத்தில்தான். பச்சரிசிக்குத் தடை, புழுங்கலரிசிக்கு இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். வெள்ளை அரிசித் தடை விலகியது 2024 செப்டம்பர் 28 அன்று. வெங்காயத்திலும் இதே கூத்துதான்: 2023 டிசம்பரில் தடை, 2024 மே மாதம் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் போட்டுத் திறப்பு, அப்புறம் படிப்படியாகத் தளர்வு.

பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அறிவிக்கையிலேயே ஒரு பத்தி இருக்கும். அரிசித் தடையின்போது, கப்பலில் ஏற்றத் தொடங்கிவிட்ட சரக்கையும், சுங்கத்திடம் ஏற்கெனவே ஒப்படைத்துக் கணினியில் பதிவான சரக்கையும் போக விட்டார்கள். கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்தவர்களுக்குச் சலுகை கிடையாது. அதனால் அரிசி, வெங்காயம், சர்க்கரை, கோதுமை அனுப்புகிறவர்கள், அரசு தடை செய்தால் பொறுப்பு யாருக்கு என்று வாங்குபவருடன் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எந்தச் சரக்குக்கு எந்த வாரியம்?

மிளகாய், மஞ்சள், ஏலம் போன்றவற்றுக்கு ஸ்பைசஸ் போர்டு. இறால், மீன் என்றால் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பெடா. பழம், காய்கறி, அரிசி, முட்டைக்கு வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபெடா. தேங்காய்ப் பொருட்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம், கயிறு தனி. தேயிலைக்கும் காபிக்கும் அவற்றின் வாரியங்கள். முதலில் அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். மீன், முட்டை மாதிரிப் பொருட்களுக்கு இதற்கு மேல் ஏற்றுமதி ஆய்வு முகமையின் சுகாதாரச் சான்றும் கேட்பார்கள்.

'ஃபைட்டோ' என்கிறார்களே, அது என்ன? எல்லாவற்றுக்கும் வேண்டுமா?

பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ்தான் பேச்சு வழக்கில் 'ஃபைட்டோ'. இந்தச் சரக்கில் பூச்சியோ நோயோ இல்லை என்று ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசுக்குக் கொடுக்கும் எழுத்து அது. நீங்கள் கேட்டதும் அச்சடித்துத் தர முடியாது. அதிகாரி சரக்கைப் பார்த்து மாதிரி எடுத்த பிறகே தருவார். கப்பல் போன பிறகு, 'சான்று மட்டும் தாருங்கள்' என்று வந்து நிற்பவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருந்தார்கள். அனுப்பிய சரக்கை யாரும் பார்க்க முடியாது, அதனால் சான்றும் கிடையாது.

பச்சைக் காய்கறி, பழம், விதை, தானியம், பூ, நாற்று, தேங்காய் ஆகியவற்றுக்கு வேண்டும். ஊறுகாய், வறுத்து அரைத்த காபித்தூள் போலப் பூச்சி பிழைக்க வழியில்லாத பொருட்களுக்குப் பொதுவாக வேண்டாம். நடுவில் இருக்கும் பொருட்களுக்கு வாங்கும் நாடு என்ன சொல்கிறதோ அதுதான். சில நாடுகள் சான்றிதழில் கூடுதலாக ஒரு வாக்கியம் கேட்கும்: குறிப்பிட்ட இந்தப் பூச்சி இல்லை, அல்லது இன்ன முறையில் பதப்படுத்தப்பட்டது என்று. அந்த வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போனாலும் சரக்கு அங்கே நின்றுவிடும்.

2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழம், கத்திரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகிய ஐந்தையும் உள்ளே விட மறுத்தது. பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் திரும்பத் திரும்பச் சிக்கியதுதான் காரணம். மாம்பழத்துக்கு அடுத்த வருடமே வழி பிறந்தது. காய்கறிகள் 2017 வரை காத்திருந்தன. யாரோ சிலர் அலட்சியமாகக் கட்டிய பெட்டிகளுக்கு எல்லா விவசாயிகளும் விலை கொடுத்தார்கள்.

கிரானைட் அனுப்புகிறேன். கல்லுக்கு என்ன பூச்சி? என்னை ஏன் ஃபியூமிகேஷன் (பூச்சி கொல்லப் புகை போடுவது) கேட்கிறார்கள்?

கல்லுக்கு இல்லை, கல்லைத் தாங்கி நிற்கும் மரச்சட்டத்துக்கு. அனுபவமுள்ளவர்களே கவிழ்கிற இடம் இது. பேலட் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு), மரப்பெட்டி, இடையில் செருகும் மரக்கட்டை எல்லாம் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிக்குள் வரும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். அல்லது மீதைல் புரோமைடு புகை போட வேண்டும். அப்புறம் கதிர் போன்ற சின்னமும், நாட்டின் குறியும், நிறுவனத்தின் எண்ணும், ஹெச்.டி. (வெப்பம்) அல்லது எம்.பி. (மீதைல் புரோமைடு) என்ற எழுத்தும் கொண்ட முத்திரையை மரத்திலேயே பதிக்க வேண்டும்.

முத்திரை முக்கியம். ஓசூர் பக்கத்து பார்ட்டி ஒருவர் பேலட்டுகளை ஒழுங்காகச் சூடேற்றி முத்திரையும் வாங்கினார். ஏற்றும் நாளில் பலகைகள் ஆடுகின்றன என்று யார்டிலிருந்த ஆட்கள், கீழே கிடந்த நாலைந்து துண்டு மரத்தை அடித்து இறுக்கிவிட்டார்கள். அந்தத் துண்டுகளில் முத்திரை இல்லை. அவற்றில் ஒன்றில் பட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தது. கன்டெய்னர் போன இடத்தில் திறக்காமலேயே நின்றது. கல்லின் விலையை வாடகை தின்றுவிட்டது. அன்றிலிருந்து ஏற்றும்போது கைபேசியில் எல்லா மரத்தையும் படம் எடுக்கச் சொல்வதை நான் வழக்கமாக வைத்திருந்தேன்.

ஒட்டுப்பலகை, அழுத்திச் செய்த பலகை, 6 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன் உள்ள மரம் ஆகியவை இந்த விதிக்குள் வராது. இடைச்செருகலுக்கு ஒட்டுப்பலகையையே வைத்துவிட்டால் நிம்மதி.

மசாலாப் பொடி அனுப்புகிறேன். இங்கே லேப் ரிப்போர்ட் சுத்தம். அங்கே எப்படி நிராகரிக்கிறார்கள்?

இங்கே எந்த அளவுகோலில் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயுவைக் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் மசாலாவில் அதன் எச்சம் பத்து லட்சத்தில் 7 பங்கு வரை இருக்கலாம். ஐரோப்பாவில் 0.1 பங்குதான். ஒரே மூட்டை நியூயார்க்கில் நல்ல சரக்கு, ராட்டர்டாமில் கழிவு. 2020இல் நம் எள் ஐரோப்பாவில் சிக்கியதும் இதே வாயுவால். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

மிளகாய்க்கு இன்னும் இரண்டு தலைவலி. ஒன்று, ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு. ஐரோப்பாவில் பி1 வகைக்கு ஒரு கிலோவில் 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம்தான் வரம்பு. இதைச் சலித்தோ கழுவியோ சரி செய்ய முடியாது. களத்தில் காய வைக்கும்போதே கவனித்தால்தான் உண்டு. இன்னொன்று சூடான் சாயம், உணவில் சேர்க்கக்கூடாத சிவப்புச் சாயம். 2003இல் ஐரோப்பாவில் நம் மிளகாய்ப் பொருளில் அது பிடிபட்ட பிறகுதான் மிளகாய்க்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது.

வாங்குபவர் கேட்கும் வரம்புகளை எழுத்தில் வாங்கி, அதை அப்படியே லேபிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 'எக்ஸ்போர்ட் டெஸ்ட் ஒன்று போடுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கொண்டு போகக்கூடாதா?

பச்சையாகக் கூடாது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இலையில் ஒட்டியிருக்கும் சைலிட் என்ற சிறு பூச்சி, ஆரஞ்சு மரங்களை மஞ்சளாக்கிக் கொல்லும் நோயைப் பரப்பும். அந்த நோய் 2005இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஆரஞ்சு விவசாயம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதனால் விமான நிலையத்தில் அவர்கள் கறிவேப்பிலையைப் பார்க்கும் பார்வை வேறு. ஒளித்து வைத்து மாட்டினால் அபராதம். இருப்பதைச் சொல்லிவிட்டால், பெரும்பாலும் இலையை மட்டும் எடுத்துக் குப்பையில் போடுவார்கள்.

அங்கிருந்து நல்ல செடியோ விதையோ பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாமா?

நட்டு வளர்க்கும் எதற்கும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர்ச் சுகாதாரச் சான்றும் வேண்டும். 1914ஆம் வருடச் சட்டத்தின் கீழ் 2003இல் போட்ட பயிர்த் தனிமைக் காப்பு ஆணை இது. மண் ஒட்டிய செடி கூடவே கூடாது. சில பயிர்களின் நடவுப் பொருட்கள் குறிப்பிட்ட ஆய்வு நிறுவனங்கள் வழியாக மட்டுமே வர முடியும். கேட்காமலே தபாலில் வரும் விதைப் பொட்டலத்தையும் மண்ணில் போடாதீர்கள்.

'ஒரு குச்சிதானே' என்பவர்களுக்குக் கோயம்புத்தூரை நினைவுபடுத்துவேன். 2008இல் அங்கே பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டுப் பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவி, பட்டு வளர்ப்பவர்கள் வயிற்றில் அடித்தது. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை முறைப்படி வரவழைத்துத் தோட்டங்களில் விட்டபோதுதான் அடங்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். பொள்ளாச்சிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு பிஸ்கட், சாக்லேட் இறக்கி விற்க நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) மத்திய உரிமம் முதலில். அப்புறம் ஆயுள். சரக்கு வந்து சேரும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அது மிச்சம் இருக்க வேண்டும். ஒரு வருட ஆயுள் உள்ள பிஸ்கட்டுக்கு மூன்று மாதம் போதும். நாலு மாத ஆயுள் உள்ள பொருளுக்கு ஏறக்குறைய 72 நாள் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று காலாவதி நெருங்கிய சரக்கை வாங்கினால் இங்கே சிக்கும்.

லேபிளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண், சைவ அசைவக் குறி ஆகியவை விட்டுப்போனால், சுங்கக் கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டிச் சரி செய்ய விடுவார்கள். தயாரிப்புத் தேதியையோ சேர்மானப் பட்டியலையோ அப்படி ஒட்ட முடியாது.

சீனப் பால் பொருட்களும், பால் சேர்த்த சாக்லேட்டும், 2008இல் அங்கே பாலில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த விவகாரத்திலிருந்து தடையில் இருக்கின்றன.

நாயை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக எவ்வளவு நாள் முன்னால் தொடங்க வேண்டும்?

ஐரோப்பா என்றால் குறைந்தது ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. இந்த வரிசை மாறக்கூடாது. தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட லேபில் எதிர்ப்பு அளவு 0.5 அலகுக்குக் குறையாமல் இருப்பதைக் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளை விடுவதில்லை.

இங்கிருந்து கிளம்புவதற்கான சுகாதாரச் சான்றைச் சென்னைக்காரர்கள் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தனிமைக் காப்பு அலுவலகத்தில் வாங்கலாம். திரும்பக் கொண்டு வருவதற்கும் அவர்களிடம்தான் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும். அதுவும் விமானம் ஏறுவதற்கு முன்பே.

சுவாமிமலையில் வாங்கிய புது நடராஜர் சிலையை அனுப்பக் கூடச் சான்று வேண்டுமா?

சட்டம் தடுப்பது நூறு வருடமோ அதற்கு மேலோ பழமையான சிலைகளை, ஓலைச்சுவடி என்றால் 75 வருடம். ஆனால் புதுச் சிலையைப் பழசாகக் காட்டுவதும், பழசைப் புதுசு என்று அனுப்புவதும் இந்த ஊரில் கலையாகவே வளர்ந்தவை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014இல்தான் திரும்பினார். அதனால் சுங்க அதிகாரி உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார். தொல்லியல் துறையிடம் சிலையைக் காட்டி, பழம்பொருள் அல்ல என்ற சான்றை வாங்குங்கள். ஸ்தபதியின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மயிலிறகு, செம்மரம், கடல் அட்டை?

மயில் தோகை இறகையும் அதில் செய்த கைவினைப் பொருட்களையும் ஏற்றுமதி செய்யத் தடை. உதிர்ந்தது என்றாலும் அதே கதைதான். சிங்கப்பூர், மலேசியா தைப்பூசக் காவடிக்கு என்று பெட்டியில் வைக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. செம்மரக் கட்டையும் தடை.

கடல் அட்டை கொஞ்சம் விசித்திரம். இங்கே 2001 முதல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. பிடித்தாலே குற்றம். பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், வளர்க்கலாம், விற்கலாம். மண்டபம் பக்கத்தில் அடிக்கடி கடல் அட்டை மூட்டை பிடிபடுவதற்கு இந்த வித்தியாசமே காரணம்.

ட்ரோன், வேப்?

தயாரான ட்ரோன் இறக்குமதி 2022 பிப்ரவரி முதல் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு மட்டும் விலக்கு, உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. மின்சிகரெட்டுக்கு 2019 சட்டத்தின்படி முழுத் தடை. சாட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் கொண்டு வரக்கூடாது.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர் பையில் என்ன வைக்கக்கூடாது?

கசகசா. நம் அடுப்படியில் குருமாவுக்கு அரைப்பது, அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கண்ணில் அபினிச் செடியின் விதை. தெரியாமல் அம்மா கட்டிக் கொடுத்தார் என்பதை அங்கே கேட்க மாட்டார்கள். மசாலாப் பொடியில் கலந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமீரகத்துக்கு வெற்றிலையும் கூடாது. சிங்கப்பூருக்குச் சூயிங்கமும் மெல்லும் புகையிலையும் கூடாது. டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகள் எடுப்பவர்கள் அமீரகத்தின் அனுமதியை முன்பே வாங்கி, மருத்துவர் சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாடகை ஓடுவதை நிறுத்துங்கள். யார்டுக்கு ஒரு கட்டணம், கன்டெய்னருக்குக் கப்பல் கம்பெனியின் கட்டணம் தனி. லேப் முடிவோ சான்றோ தாமதமாகும் என்று தெரிந்தால், சுங்கச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி சரக்கைக் கிடங்குக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். 30 நாள் வரை கொடுப்பார்கள். இந்தப் பிரிவைப் பலர் கேட்பதே இல்லை. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்திடம் கொடுக்கும் இறக்குமதி விவரத் தாள்) தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், பிறகு 10,000 ரூபாய். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, என்ன குறை என்பதை எழுத்தில் கேளுங்கள். சரி செய்யக்கூடிய குறையா, சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டுமா, அழிக்க வேண்டுமா என்பது அதில்தான் தெரியும். பறிமுதல் உத்தரவு வந்தாலும், தடை செய்யப்படாத பொருளாக இருந்தால் அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 125ஆம் பிரிவு. தடைப் பொருள் என்றால் அது அதிகாரியின் விருப்பம். மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

ஏஜென்ட் இல்லாமல் நானே செய்யலாமா?

செய்யலாம். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்து நீங்களே ஷிப்பிங் பில் (ஏற்றுமதி விவரத் தாள்) போடச் சட்டத்தில் தடையில்லை. ஒரே பொருளை ஒரே நாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்குப் பழகிவிடும். முதல் இரண்டு மூன்று சரக்கை மட்டும் ஏஜென்டிடம் கொடுத்து, அவர் போடும் ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தவறான கோடு போட்டது அவராக இருந்தாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.